ஊரின் ஸலாமும் கார்ப் பந்தயமும்

சாய்ந்தமருது,
14.10.2024

அல்லாஹ்வின் காவலில் ஜித்தாவில் இருக்கும் மருமகன் ஸிராஜுக்கு உன் மாமா ஆதம்பாவா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உன் மாமிக்கு முழங்கால் மட்டும் சுகமில்லை, வாய் நல்ல சுகம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன் எடுத்தால் உன் உம்மா ஸம்ஸியா ஸ்பீக்கரில் போடுவாள். உன் குரல் கேட்டதும் உன் வாப்பா எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். தொழுகை வக்து வந்ததா இல்லையா என்றும் பார்ப்பதில்லை. ஆகையால் இரகசியக் காரியங்களைக் கடிதத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மக்காவுக்கு உம்றாச் செய்யப் போகிற கூட்டம் இங்கிருந்து அடிக்கடி போகிறது. அவர்கள் கையில் கொடுத்தால் முத்திரையும் தேவையில்லை.

உன்னை அந்தப் பெரிய கார்ப் பந்தயத் திடலில் கிரேன் ஓட்ட எடுத்திருக்கிறார்கள் என்று உன் தங்கச்சி ஸப்னா சொன்னாள். ஓடுகிற ஓட்டத்தில் நின்றுபோகிற காரைத் தூக்கி ஓரமாக்குகிற வேலையாம். குடும்பத்துக்கு இரண்டு பாஸும் தருவார்களாம். ஒன்று எனக்கு என்று இப்போதே எழுதிவை. பந்தயம் என்றால் என்ன என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடுகிறவன் நான். மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் என் கூலர் லொறியைப் பிடிக்கப் பொலிஸ் ஜீப் ஒன்று முயற்சி செய்து, கடைசியில் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. சந்தையில் இறக்கும்போது மீன் இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இதை ஒலுவிலில் யாரிடமும் கேட்டுப் பார்.

மற்றப் பாஸ் யாருக்கு என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். ஏ. எல். பரீட்சையில் கணக்குப் பேப்பரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய் நீ நற்பிட்டிமுனை ட்ரக்டர் கராஜில் நின்ற நாளிலிருந்து உன் வாப்பா முகம்மது தம்பி மாஸ்டர் உன்னோடு கதைக்கவில்லை. ஊரில் அரைவாசிப் பேருக்குக் கணக்குப் படிப்பித்த மனிசன். அவரைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. பாதி வேலை இப்போதே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

உன் நலத்துக்குத் துஆச் செய்யும்,
மாமா ஆதம்பாவா

—

ஜித்தா,
9.11.2024

மாமாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், நான் நல்ல சுகம். மாமியின் முழங்காலுக்குத் தைலம் இத்தோடு அனுப்பியிருக்கிறேன். உம்மாவுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

பந்தயம் ஏப்ரல் மாதம். நான் நிற்கும் இடம் ஒரு வளைவு. அதற்கு நேரெதிரே உள்ள இருக்கைகளைத்தான் கேட்டு வாங்கினேன். அங்கே இருந்தால் என் கிரேன் தெரியும்.

வாப்பாவிடம் உண்மையாகவே கேட்டீர்களா? என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள், மாமா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வற்புறுத்தவும் வேண்டாம்.

ஸலாத்துடன்,
ஸிராஜ்

—

சாய்ந்தமருது,
12.12.2024

அன்பு மருமகனுக்கு மாமாவின் ஸலாம். தைலம் கிடைத்தது. பூசிய மறுநாளே உன் மாமி கோழியைத் துரத்திக்கொண்டு அடுத்த வளவு வரை ஓடினாள். இங்கே மழை. வயலும் ரோட்டும் ஒன்றாகக் கிடக்கிறது. நாங்கள் சுகம்.

பந்தயம் பார்க்கப் போகிறவனுக்கு முதல் தேவை காது. அந்தக் கார் போகிற சத்தத்தில் பழக்கமில்லாதவன் மயங்கி விழுவானாம். அதனால் நற்பிட்டிமுனைக்குப் போய், நெல்லுக் குற்றுகிற மில்லில் மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பழகுகிறேன். மில்காரன் பவிதரன் முதலில் பைத்தியம் என்று நினைத்தான். காரணத்தைச் சொன்னதும் எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்துவிட்டு, அவனும் ஒரு கதிரை போட்டுக்கொண்டான். பஞ்சைச் சுருட்டி, ஒரு சொட்டு மெழுகு விட்டுக் காதில் வைத்தால் சத்தம் பாதியாகிறது. இது என் கண்டுபிடிப்பு. அங்கே உள்ள வெள்ளைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

கொடிகளும் படித்துவிட்டேன். மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் நிற்பது. உன் மாமியின் சாரிகளை வளவில் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாடமாக்கினேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டதுதான் கிடைக்கவில்லை. நான் உடுக்கிற கட்டச் சாரத்தை ஆட்டினேன்.

உன் வாப்பாவிடம் கேட்டேன். ஆளுக்கு நல்ல விருப்பம். தினமும் என்னைக் கண்டால், “பந்தயம் எப்ப?” என்றுதான் முதல் கேள்வி. முகமெல்லாம் ஒரு சிரிப்பு. நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

உன் வெற்றிக்குக் காத்திருக்கும்,
மாமா

காக்கா, விலாசம் எழுத மாமா கடிதத்தை என்னிடம் தந்தார். “பந்தயம் எப்ப?” என்று வாப்பா கேட்கவே இல்லை. மாமா பாஸ் என்று சொன்னதும் சோற்றில் இருந்து எழும்பிக் கை கழுவினார். “வீண் விளையாட்டுக்குப் போக எனக்கு நேரமில்ல” என்று மட்டும் சொன்னார். உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று எழுதினேன். கோபிக்காதே. — ஸப்னா

—

ஜித்தா,
16.1.2025

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம். நான் சுகம். இங்கே இப்போது நல்ல குளிர். காலையில் கிரேனின் இரும்பைப் பிடித்தால் கை விறைக்கும்.

கடிதம் கிடைத்தது. அடியில் இருந்ததும் கிடைத்தது. ஸப்னாவை ஏசாதீர்கள்.

மற்றப் பாஸை மாமிக்குக் கொடுங்கள். முழங்கால் நோவென்றால் படி ஏறாமல் போகிற இடம் கேட்டு வாங்கலாம். நான் கேட்கிறேன்.

எங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. கொடி ஆட்டியவுடன் ஓடிப்போய்க் கொக்கியைக் காரில் கொளுவி, ஒரு கீறல் விழாமல் மதிலுக்கு மேலால் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். நேற்று எங்கள் மேற்பார்வையாளர் என் தோளில் தட்டினார். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

துஆச் செய்யுங்கள்,
ஸிராஜ்

—

சாய்ந்தமருது,
20.2.2025

மதிப்புக்குரிய மருமகன் ஸிராஜுக்கு ஊர் போற்றும் மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் போற்றும் என்று சும்மா எழுதவில்லை. கேள்.

பாஸ்போட் எடுத்துக்கொண்டு வந்த அன்று தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். “எங்க ஆதம்பாவா பயணம்?” என்று றிபாத் கேட்டான். “ஜித்தாவுக்கு” என்றேன். பந்தயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கடையில் இருந்த அத்தனை பேரும் எழும்பி, “மாஷா அல்லாஹ்” என்று என் கையைப் பிடித்தார்கள். ஜித்தாவில் இறங்குகிறவன் மக்காவுக்குப் போகாமல் வேறெங்கே போவான் என்பது அவர்கள் நினைப்பு. றிபாத் என் பிளேன்ரீக்குக் காசும் எடுக்கவில்லை.

அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஆதம்பாவா உம்றாவுக்குப் போகிறான் என்று. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, மகன். சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் சொன்னதை எல்லாம் ஊர் பாதிதான் நம்பியிருக்கிறது. சொல்லாத ஒன்றை முழுக்க நம்பினால் நான் என்ன செய்வது?

இப்போது வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். மதீனாவில் நபியின் ரவ்லாவில் தங்கள் பேரைச் சொல்லி ஸலாம் சொல்லச் சொல்கிறார்கள். கஃபாவைக் கண்டதும் மகளின் கலியாணத்துக்குத் துஆக் கேட்கச் சொல்கிறார்கள். வயசான ஒரு வாப்பும்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடலில் போன மகனுக்காக என்று சொல்லிவிட்டு, பேரைச் சொல்ல முடியாமல் நின்றா. அவ போன பிறகு நான் ஒரு கதையும் கதைக்கவில்லை. உன் மாமி பயந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஆகையால் இப்போது நான் உம்றாவுக்கும் போகிறேன். பந்தயத்துக்கும் போகிறேன். உன் மாமி வரமாட்டாளாம். முழங்காலோடு இரண்டும் தன்னால் ஏலாதாம். மற்றப் பாஸை வைத்துக்கொள். நான் இன்னும் கை விடவில்லை.

எல்லாரும் ஸலாம் சொன்னார்கள்,
மாமா ஆதம்பாவா

—

ஜித்தா,
14.3.2025

மாமாவுக்கு ஸலாம். நோன்பு இலகுவாகப் போகிறது. உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை நோன்பு திறந்த பிறகு அறையில் உரத்து வாசித்தேன். நம் பக்கத்துப் பெடியன்கள் சிரித்து உருண்டார்கள். அந்த வாப்பும்மா வந்த இடத்தில் ஒருவன் எழும்பிப் போய் வீட்டுக்குப் போன் எடுத்தான்.

ஊர் தந்த ஸலாமை ஒழுங்காகக் கொண்டுவாருங்கள், மாமா. விளையாட்டில்லை. துஆக்களைப் பாடமாக்குங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

வாப்பாவுக்குச் சளி என்று ஸப்னா சொன்னாள். இப்போது எப்படி?

ஸிராஜ்

—

சாய்ந்தமருது,
2.4.2025

மருமகன் ஸிராஜுக்கு, ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். உன் வாப்பாவின் சளி போய்விட்டது. ஆனால் ஆள் வேறு விதமாக இருக்கிறார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தெரிந்தவர்களிடம் கேளுங்கள் என்று எழுதினாய். பெருநாளுக்கு முதல் நாள் போய்க் கேட்டேன். உன் வாப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உம்றாவுக்கு ஓதுற தல்பியா செல்லு” என்றார். சொன்னேன். கொஞ்சம் இடையில் நின்றுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், “ஆதம்பாவா, இந்த ஊருட ஸலாமெல்லாம் ஒன்ட கையில குடுத்திரிக்கி. நீ கொண்டுபோய் என்னத்தச் செய்யப்போற?” என்றார். நான் அடக்கமாக, “மச்சான், படிப்பிக்க ஒரு மாஸ்டர் கூட வந்தா நல்லம்” என்றேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு உள்ளே போய்ப் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வந்தார். போன வருசமே எடுத்து வைத்திருக்கிறார், ஒருவருக்கும் சொல்லாமல்!

ஆனால் நிபந்தனை போட்டார். “உம்றாவுக்கு மட்டுந்தான் வாறன். பந்தயக் கதை எடுத்தா நான் கிறுகி ஊருக்கு வந்திருவன்.” ஓம் என்று தலையாட்டினேன். இது முழுக்க முழுக்க என் தந்திரத்தின் வெற்றி என்று குறித்துக்கொள்.

இப்போது உன் வாப்பா வீடு வீடாகப் போய், ‘என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள்’ என்று மாப்புக் கேட்கிறார். உம்றாவுக்குப் போகிறவன் ஊரில் ஒரு மனக்குறையும் வைத்துவிட்டுப் போகக் கூடாதல்லவா. நான் ஒரே நாளில் முடித்தேன், எனக்கு எதிரிகள் இல்லை. அவர் ஆறுதலாகப் போகிறார். தான் அடித்த பிள்ளைகளை எல்லாம் தேடிப் போகிறார். அவர்களுக்கே இப்போது பேரப்பிள்ளைகள். காரைதீவில் சின்னப்போடியின் வயலுக்கே போய் வரம்பில் நின்று கேட்டாராம். “மாஸ்டர், அந்த அடியிலதானே வாய்ப்பாடு பாடமாச்சி” என்று சின்னப்போடி அழுதுவிட்டானாம்.

ஒன்பதாம் திகதி இறங்குகிறோம். ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவர விடுகிறார்களா என்று கேட்டுச் சொல்.

மாமா

காக்கா, இந்த முறை மாமா எழுதியதில் ஏறக்குறைய எல்லாம் உண்மை. ஒன்று விட்டுவிட்டார். உம்மாவின் மருந்துப் பெட்டியில் இருந்த பஞ்சுச் சுருளைக் காணவில்லை. மெழுகுதிரியும் ஒன்று குறைகிறது. மாமா தான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். — ஸப்னா

—

சாய்ந்தமருது,
3.4.2025

மகன் ஸிராஜுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம். உன் உம்மாவும் நலம்.

இன்ஷா அல்லாஹ் உம்றாவுக்கு வருகிறேன். புறப்படுமுன் எல்லாரிடமும் மாப்புக் கேட்பது நமது வழக்கம். கேட்டுவிட்டேன். நேற்று லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளி இமாம், “மாஸ்டர், இன்னும் யாரும் மிச்சமா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நேரில் கேட்பதுதான் முறை. ஆனால் இஹ்ராம் உடையோடுதான் விமானத்தில் இருந்து இறங்குவோம். அதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். இதைக் கொண்டுவருகிறவர் நாளை புறப்படுகிறார்.

என்னைப் பொருந்திக்கொள்.

உம்மா மாசிச் சம்பல் செய்து வைத்திருக்கிறா. உனக்கு இன்னும் காரம் கூடத்தான் பிடிக்குமா என்று கேட்கச் சொன்னா.

வாப்பா

—

ஜித்தா,
6.4.2025

வாப்பாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். கடிதத்தைக் கொண்டுபோக ஆளில்லை. படம் பிடித்து ஸப்னாவின் போனுக்கு அனுப்புகிறேன். அவள் வாசிக்க வேண்டாம், உங்கள் கையில் தரச் சொல்லியிருக்கிறேன்.

பொருந்திக்கொண்டேன் என்று எழுத எனக்கு என்ன தகுதி, வாப்பா. நீங்கள் என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்கு நானே வருவேன். இருபதாம் திகதி மட்டும் எனக்கு வேலை. அன்று நீங்கள் அறையில் ஆறுதலாக இருக்கலாம். சோறு சமைத்து வைத்துவிட்டுப் போவேன். ஒருவரும் உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

காரம் கூடத்தான் பிடிக்கும் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.

மகன்
ஸிராஜ்

—

சாய்ந்தமருது,
6.5.2025

புகழ்பெற்ற கிரேன்காரர் ஸிராஜுக்கு, உம்றாவும் பந்தயமும் ஒரே பயணத்தில் முடித்த இந்த ஊரின் முதல் மனிதன் ஆதம்பாவா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வந்த நாளிலிருந்து வீட்டில் சனம். ஈச்சம்பழம் முடிந்துவிட்டது. உன் மாமி மிச்சம் இருக்கிற ஸம்ஸம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறாள்.

உனக்குத் தெரிந்ததை எழுதமாட்டேன். விமான நிலையத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஸலாம் சொல்லிவிட்டு, வேறொன்றும் கதைக்கத் தெரியாமல், என் பெட்டியை யார் தூக்குவது என்று இழுபறிப்பட்டதைக் கைப்பிடி கழன்ற பெட்டி சொல்லும். ஊரின் ஸலாமை எல்லாம் உன் வாப்பா ஒரு பேர் விடாமல் ரவ்லாவில் சொன்னார். அந்த வாப்பும்மாவின் மகன் பேரும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் படிப்பித்த பெடியனாம். 

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். பந்தயத்தன்று நீ சோறு வைத்துவிட்டுக் காலையிலேயே போனாய். நான் வாக்குக் கொடுத்தபடி வாயே திறக்கவில்லை. அஸர் தொழுதோம். பார்த்தால் உன் வாப்பா பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறார். “பஸ் எங்கால நிக்கிம்?” என்றார். எந்த பஸ் என்று கேட்டேன். “ஒனக்குத் தெரியாட்டி நான் தனியப் போறன்.”

நீ வைத்துவிட்டுப் போன இரண்டு பாஸையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அங்கே இருக்கையில் இருந்ததும் உன் வாப்பா சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். சுருட்டி மெழுகு விட்ட பஞ்சு. சாய்ந்தமருதில் இருந்தே கொண்டுவந்திருக்கிறார். எனக்கும் இரண்டு தந்தார். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன். என் கண்டுபிடிப்பு என்றும் சொல்லவில்லை.

பெரிய பந்தயத்துக்கு முன்னால் ஓடிய சின்னக் கார்களில் ஒன்று உன் வளைவில் சுற்றிக்கொண்டு போய் நின்றதே, அப்போது மஞ்சள் கொடி ஆடியது. உன் கிரேன் வந்தது. உன் வாப்பா எழும்பிவிட்டார். பின்னால் இருந்தவர்கள் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். காதில் பஞ்சு, கேட்கவில்லை. நீ காரைத் தூக்கி மதிலுக்கு மேலால் திருப்பியபோது, “நடுவுல பிடிச்சிட்டான், பாத்தயா, ஒரு பக்கமும் சரியவேயில்ல” என்றார். கார் அந்தப் பக்கம் இறங்கியதும் சனமெல்லாம் கை தட்டியது. உன் வாப்பா பக்கத்தில் இருந்த எகிப்துக்காரரின் தோளைத் தொட்டு, “மை சன்” என்றார். அந்த மனிசன் காதுக்கு மூடி போட்டிருந்தார். உன் வாப்பா அந்த மூடியைத் தன் கையாலேயே தூக்கி, காதுக்குள் இன்னொரு தரம் சொன்னார்: “மை சன்.”

பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்தவன் என்னைப் பார்த்துக் கை காட்டினான். உன் வாப்பா இதற்குச் சாட்சி சொல்லமாட்டார். அவர் கடைசி வரை உன் கிரேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது சும்மா நின்றபோதும்.

இனித்தான் என் முறைப்பாடு. நேற்று அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. பந்தயக் கதையை நான் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் உன் வாப்பா ஆரம்பித்தார். கார் நெருப்புப் பிடித்து எரிந்ததாம். நீ நெருப்புக்குள்ளே போய்க் கொளுவினாயாம். ஒரு கையால் கிரேனைத் திருப்பி மறு கையால் ஓட்டக்காரனை இழுத்து எடுத்தாயாம். அந்தத் திடலில் இருந்த சனமெல்லாம் எழும்பி நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “மச்சான், நெருப்பில்ல. புகையும் இல்ல. கார் சும்மா சுத்திக்கொண்டு நிண்டது” என்றேன். என் வாழ்நாளில் சொன்ன உண்மைகளில் அதுதான் பெரியது. உன் வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ சும்மா இரு ஆதம்பாவா. எதையும் குறச்சிச் செல்றது ஒனக்குப் பழக்கமாப் போச்சி” என்றார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். முகம்மது தம்பி மாஸ்டர் பொய் சொல்வாரா? ஊர் அவரைத்தான் நம்புகிறது.

உன் வாப்பாவுக்கு வருகிற வருசப் பாஸில் நீ அதே இருக்கையைக் கேட்டு வைக்க வேண்டுமாம். எனக்கு எங்கே கிடைத்தாலும் சரியாம்.

இதையெல்லாம் போனில் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் நீ எடுக்கிற நேரம் பார்த்து உன் வாப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருக்கிறார். மற்றவர்கள் கதைக்க முறை வருவதற்குள் பாங்கு சொல்லிவிடுகிறது. அப்போதும், “இரு மகன், தொழுதுபோட்டு வாறன், வச்சிராத” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

போனுக்குக் காத்திருக்கும்,
மாமா ஆதம்பாவா